'புரியவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் சொல்வது?

ஒருமுறை ஒரு ஒப்பந்த வரைவை ஆங்கிலத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரி: அறிக்கையை 'பைவீக்லி' அனுப்ப வேண்டும். ஓரத்தில் 'திஸ் இஸ் வேக்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய வரைவு வந்தது. அறிக்கையை பைவீக்லி, மாலை 5 மணிக்குள், பிடிஎஃப் வடிவில், இன்னின்ன இருவருக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது அந்த வரி நீண்டிருந்தது.

எழுதியவர் மேல் தப்பே இல்லை. வேக் என்றால் விவரம் போதவில்லை என்று அர்த்தம். அவர் விவரம் சேர்த்துவிட்டார். என் சந்தேகம் வேறு. பைவீக்லி என்ற சொல்லுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை என்றும் பொருள் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றும் பொருள் உண்டு. ஆங்கில அகராதிகள் இரண்டையும் கூச்சமில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் தருகின்றன. நான் எழுதியிருக்க வேண்டிய சொல் ஆம்பிகுவஸ்.

நேர்ப்பேச்சில் இந்தத் தொல்லை குறைவு. 'புரியலையே' என்று இழுத்தால் எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்த்து 'எது புரியலை?' என்று கேட்டுவிடுவார். எழுதி அனுப்பும் குறிப்பில் அந்த வசதி கிடையாது. நாம் போட்ட ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்குவார். ஆங்கிலத்திலோ இதற்கென்று ஒரு டஜனுக்கு மேல் சொற்கள் இருக்கின்றன. தமிழ் அகராதியைப் புரட்டினால் முக்கால்வாசிக்கு 'தெளிவற்ற' என்றே போட்டிருக்கும். அதனால் இவற்றைப் பொருளை வைத்து ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். இப்போது பார்ப்பது இரண்டைத்தான்: இந்தச் சொல்லைப் படித்ததும் எழுதியவர் எதைத் திருத்தப் போவார், பழி யார் தலையில் விழும்.

முதலில், எல்லோரும் எடுக்கும் சொல்லான 'அன்க்ளியர்'. பாதுகாப்பானது, யாரையும் புண்படுத்தாது. ஆனால் மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவதைப் போன்றது. எங்கே, எப்படி என்று சொல்லத் தெரியாதபோது எழுதலாம். தெரிந்துவிட்டால் அதோடு நிறுத்தக் கூடாது. 'கன்ஃப்யூசிங்' இன்னும் கொஞ்சம் காரம். 'ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு' என்றால் குழப்பம் என்னுடையது. 'யுவர் நோட் இஸ் கன்ஃப்யூசிங்' என்றால் குழப்பியது நீங்கள். மூத்தவர்களுக்கு எழுதும்போது நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

வேக்கா, ஆம்பிகுவஸா?

அதிகம் மாற்றிப் போடப்படும் ஜோடி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

முதலில் உச்சரிப்பு. வேக் ஓரசைச் சொல். கடைசி ஒலி 'தங்கம்' என்பதில் வருகிற க. எழுத்தைப் பார்த்து 'வாக்யூ' என்று படிப்பவர்கள் உண்டு. லத்தீனில் 'வாகுஸ்' என்றால் அலைகிற, திரிகிற என்று பொருள். நாடோடியைக் குறிக்கும் 'வாகபாண்ட்' இதே குடும்பம். பொருள் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்துகொண்டிருந்தால் அது வேக். 'சீக்கிரம் முடித்துவிடுவேன்' என்பது வேக். ஒரு மணி நேரமா, ஒரு மாதமா என்று தெரியாது. ஆனால் சீக்கிரம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. மணலை ஒவ்வொரு துகளாக எடுத்துக்கொண்டே போனால் எந்தத் துகளோடு 'குவியல்' இல்லாமல் போகிறது என்று பழைய கிரேக்கர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதே சிக்கல். இப்படி விளிம்பு மங்கிய கருத்துகளைக் கணிதத்துக்குள் கொண்டுவரத்தான் லோட்ஃபி சாதே 1965-இல் 'ஃபஸி செட்' என்பதை முன்வைத்தார். ஃபஸியும் வேக்கும் அக்கா தங்கை மாதிரி.

ஆம்பிகுவஸ் வேறு ரகம். 'ஆம்பி' என்றால் இரு பக்கமும். இரு கைகளாலும் எழுதுகிறவரை 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்கிறோமே, அதே ஆம்பி. ஒரு வாக்கியத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ தனித்தனி அர்த்தங்கள், ஒவ்வொன்றும் தன்னளவில் தெளிவானது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. 'புதிய மேலாளரின் அறை' என்று எழுதினால் புதியவர் மேலாளரா, புதியது அறையா? இதைத் தமிழிலும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம். சில இடங்களில் தமிழ் தப்பித்துவிடும். 'வீ வில் ஃபினிஷ் இட் பை மண்டே' என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. அந்த 'வீ'க்குள் நான் இருக்கிறேனா? தமிழில் 'நாம்' என்றால் திங்கட்கிழமைக்குள் எனக்கும் வேலை உண்டு. 'நாங்கள்' என்றால் நான் நிம்மதியாக இருக்கலாம். ஆங்கிலத்துக்கு அந்தப் பிரிவே இல்லை. இதை வேக் என்று சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமை எத்தனை மணி என்று விவரம் சேர்ப்பார்களே தவிர, யார் என்பது வராது.

ஒரே வரியில் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. 'நியர் த பேங்க்' என்பதில் 'நியர்' வேக்: எவ்வளவு பக்கம்? 'பேங்க்' ஆம்பிகுவஸ்: பணம் போடும் இடமா, ஆற்றங்கரையா? எது எது என்று எனக்கே குழம்பினால் மனதில் எழும் கேள்வியைக் கவனிப்பேன். 'எவ்வளவு, எதுவரை' என்று கேட்கத் தோன்றினால் வேக். 'இதுவா, அதுவா' என்று கேட்கத் தோன்றினால் ஆம்பிகுவஸ்.

இரண்டில் எது ஆபத்து? என்னைக் கேட்டால் ஆம்பிகுவஸ்தான். வேக்கான வரியைப் படிக்கும்போதே ஏதோ இடறும். ஆம்பிகுவஸான வரி பளிங்கு மாதிரி தெரியும்; ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டு, இருவரும் புரிந்துவிட்டதாகவே போய்விடுவார்கள். இதற்கு இங்கிலாந்தில் 1864-இல் தீர்ப்பான ராஃபிள்ஸ், விக்கல்ஹவுஸ் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தி 125 பொதிகளை ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க ஒப்பந்தம். பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் பம்பாயிலிருந்து அதே பெயரில் இரண்டு கப்பல்கள் கிளம்பின, ஒன்று அக்டோபரில், மற்றது டிசம்பரில். வாங்கியவர் மனதில் இருந்தது அக்டோபர் கப்பல். விற்றவர் சரக்கை அனுப்பியது டிசம்பர் கப்பலில். வாங்கியவர் எடுக்க மறுத்தார், வழக்கு அவர் பக்கம் முடிந்தது. பியர்லெஸ் என்ற சொல்லுக்கு 'நிகரில்லாதது' என்று அர்த்தம் என்பதுதான் வேடிக்கை. நிகரில்லாத கப்பல் என்று பெயர் வைத்து, அதே பெயரில் இன்னொன்றையும் மிதக்கவிட்டிருக்கிறார்கள்.

வேக்குக்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. வேலை நடக்கும் வட்டாரத்தில் நிலவும் தினக்கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், மீறினால் தண்டனை என்று ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. வட்டாரம் என்றால் எத்தனை தொலைவு வரை? நிலவும் கூலி என்றால் அதிகமானதா, குறைவானதா, நடுவில் உள்ளதா? சாதாரண மனிதர் ஊகித்துத்தான் நடந்துகொள்ள முடியும் என்ற நிலையில் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதற்காக வேக் என்பதே எப்போதும் குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ரீசனபிள் டைம்', நியாயமான கால அவகாசம் என்று ஒப்பந்தங்களில் வேண்டுமென்றேதான் எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நாள் குறித்தால் யாராலும் கையெழுத்துப் போட முடியாது. வரி வேக்காக இருக்கலாம் என்று இரு தரப்பும் தெரிந்தே ஒப்புக்கொண்டால் சரி. வேண்டுமென்றே ஆம்பிகுவஸாக எழுதுவது சிலேடைக்கு அழகு, ஒப்பந்தத்துக்கு வினை.

'நெபுலஸ்', 'ஹேஸி' இரண்டும் வேக்கின் பக்கத்து வீட்டுக்காரர்கள். மூடுபனிக்கு லத்தீனில் 'நெபுலா'. இன்னும் உருவம் பிடிக்காத திட்டத்துக்கு நெபுலஸ், சரியாக நினைவில்லாத சம்பவத்துக்கு ஹேஸி. ஒரு ஆவணத்தின் வரியைக் குறை சொல்ல இரண்டுமே தோதாக வராது.

ஒளிந்தது, இருண்டது, மூடியது

'அப்ஸ்கியூர்' லத்தீனில் இருள். 'கேமரா அப்ஸ்கியூரா' என்றால் இருட்டறை. இன்று நாம் சொல்லும் கேமரா அந்த அறையின் பாதிப் பெயர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் தெளிவு என்ற சொல்லைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். கலங்கிய நீர் அடங்கினால் தெளியும். லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொற்களோ பெரும்பாலும் வெளிச்சத்தைத் தேடுகின்றன: இருட்டு, நிழல், பனி. ஆங்கிலத்தில் தண்ணீர் வேண்டுமானால் 'மர்க்கி' இருக்கிறது. ஆனால் அதில் கலங்கலோடு கள்ளத்தனத்தின் வாடையும் வரும். 'மர்க்கி டீல்' என்றால் ஏதோ சரியில்லை. பேச்சுவாக்கில் சொல்லலாம், எழுத்தில் வைக்கும்போது யோசித்து வைக்க வேண்டும்.

அப்ஸ்கியூருக்கு இரண்டு வேலை. ஒன்று, பொருள் இருளில் கிடக்கிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 'அன் அப்ஸ்கியூர் போயட்' என்றால் அவர் கவிதை புரியாது என்றும் எடுக்கலாம், அவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை என்றும் எடுக்கலாம். தெளிவின்மையைக் குறிக்கும் சொல்லே ஆம்பிகுவஸாக நிற்கிறது! நான் இரண்டாவது பொருளில் மட்டும்தான் இதைப் போடுவேன். 'இந்த மேற்கோள் அப்ஸ்கியூர்' என்றால் எழுதியவர் ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பார், வேலை முடிந்தது.

'கிரிப்டிக்' என்றால் திறவுகோல் எங்கோ இருக்கிறது, நம்மிடம் இல்லை. கிரேக்கத்தில் 'கிரிப்டோஸ்', மறைந்தது. 1898-இல் ராம்சேயும் டிராவர்ஸும் காற்றுக்குள் ஒளிந்திருந்த ஒரு வாயுவைக் கண்டுபிடித்து கிரிப்டான் என்று பெயர் வைத்தது இதனால்தான். நண்பரிடமிருந்து 'பேசணும்' என்று ஒரே சொல்லில் செய்தி வருகிறதே, அது கிரிப்டிக். அனுப்பியவருக்கு முழுசும் தெரியும், நமக்கு வயிற்றைக் கலக்கும். கணினித் திரையில் வெறும் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நின்றுபோகும் பிழைச் செய்தியும் இதே கணக்கு. இந்தச் சொல்லைப் படித்தவர் 'ஓ, சுருக்கிவிட்டேன் போல' என்று விரித்து எழுதுவார். பழி லேசாகத்தான் விழும். சில சமயம் சிரிப்பும் வரும்.

'ஒபேக்' அப்படி இல்லை. ஒளி ஊடுருவாத பொருளுக்கு அறிவியலில் இதுதான் சொல், எதிர்ச்சொல் 'டிரான்ஸ்பேரன்ட்'. ஒரு நிறுவனத்தின் தேர்வு முறையை ஒபேக் என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியவிடுவதில்லை என்று பொருள். நம் 'மூடுமந்திரம்' கிட்டத்தட்ட அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியத்துக்கும் ஒபேக் என்று சொல்லலாம். ஆனால் அதைப் படிப்பவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது, கோபம் மட்டும் வரும். நடைமுறைகளைப் பற்றிய புகாருக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாக்கியத்துக்கு வேண்டாம்.

வாக்கியத்துக்கு வேண்டியது பல சமயம் 'கன்வலூட்டட்'. சுருட்டிச் சுருட்டி உள்ளே போனது. எழுபது சொல் நீள வாக்கியம், நடுவில் மூன்று 'விச்', கடைசியில் எழுவாயைத் தேடிக் கண் மறுபடி மேலே போகிறது. நூலில் விழுந்த சிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நம் 'சிக்கல்' அப்படியே பொருந்தும். இதை 'காம்ப்ளெக்ஸ்' என்பதோடு குழப்பக் கூடாது. காம்ப்ளெக்ஸ் என்றால் விஷயமே பல பாகங்கள் கொண்டது, அது யார் குற்றமும் இல்லை. கன்வலூட்டட் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எழுதியவரிடம் பிரித்து எழுதச் சொல்ல இதைவிடச் சரியான சொல் இல்லை என்பது என் அனுபவம்.

விஷயமே கடினமானால்

சில சமயம் எழுத்தில் குறையே இருக்காது. விஷயம் அப்படி. அதற்கு 'ஆப்ஸ்ட்ரூஸ்', 'எஸோட்டரிக்', 'ஆர்கேன்' என்று மூன்று. ஆப்ஸ்ட்ரூஸ் என்றால் உள்ளே தள்ளி மறைத்தது. 'இன்ட்ரூட்' என்பதில் வரும் அதே 'தள்ளு'. உயர்கணிதத்தின் ஒரு நிரூபணம் ஆப்ஸ்ட்ரூஸ், எத்தனை எளிய சொற்களில் எழுதினாலும். எஸோட்டரிக் என்றால் உள்வட்டத்துக்கு மட்டும். நாணயம் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் குறிகள் கடினமே இல்லை, வெளியாளுக்குத்தான் தெரியாது. நம் பழைய 'குழூஉக்குறி' இதற்கு வெகு பக்கம். ஆர்கேன் என்றால் பெட்டிக்குள் பூட்டியது. பழைய, யாரும் திறந்து பார்க்காத விதிமுறைகளுக்குப் பொருந்தும். 'ரெகண்டைட்' என்று நான்காவதும் உண்டு. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் போட்டால் குறிப்பே புரியாமல் போகும்.

ஆப்ஸ்ட்ரூஸ் என்று நினைத்து 'ஆப்டியூஸ்' என்று எழுதுவது பெரிய விபத்து. ஆப்டியூஸ் என்றால் மழுங்கியது. 90 பாகைக்கு மேற்பட்ட விரிகோணத்துக்கு அந்தப் பெயர். மனிதருக்குச் சொன்னால் மந்தபுத்தி. 'உங்கள் கட்டுரை கொஞ்சம் ஆப்டியூஸ்' என்று பாராட்டாக எழுதி, பதிலே வராமல் போன ஒரு நண்பர் எனக்கு உண்டு. இதே மாதிரி ஆம்பிகுவஸுக்கு பதில் 'ஆம்பிவேலன்ட்' போடுகிறவர்களும் நிறைய. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர் 1910 வாக்கில் உண்டாக்கிய சொல் அது. ஒரே ஆளிடம் விருப்பும் வெறுப்பும் சேர்ந்து இருப்பது. வாக்கியம் ஆம்பிவேலன்டாக இருக்க முடியாது, எழுதியவர் இருக்கலாம்.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ளவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து படிக்க முடியவில்லை என்றால் 'இல்லெஜிபிள்'. ஒலிபெருக்கி அறிவிப்பு காதில் விழுகிறது, சொல் பிடிபடவில்லை என்றால் 'அன்இன்டெலிஜிபிள்'. எல்லாச் சொல்லும் கேட்டது, என்ன சொல்கிறார் என்று மட்டும் தெரியவில்லை என்றால் 'இன்காம்ப்ரிஹென்சிபிள்'. 'அன்ரீடபிள்' என்பதை நான் தவிர்க்கிறேன். எழுத்து தெரியவில்லை என்பதற்கும், படிக்கச் சகிக்கவில்லை என்பதற்கும் அது ஒன்றே.

குற்றம் சாட்டும் சொற்கள்

கடைசியாக, எழுதியவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லும் சொற்கள். 'இவேசிவ்' என்றால் பிடிகொடுக்காமல் நழுவுவது. 'ஈக்விவோக்கல்' என்றால் இரண்டு பக்கமும் சம குரல். மனிதரைப் பற்றி வந்தால் மழுப்புகிறார் என்று அர்த்தம். மருத்துவப் பரிசோதனை முடிவில் அதே சொல் வந்தால் பயப்பட வேண்டாம், முடிவு இப்படியும் இல்லை அப்படியும் இல்லை என்றுதான் பொருள். 'ஆப்ஃபஸ்கேட்' என்றால் வேண்டுமென்றே இருட்டாக்குவது. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைப் பிறர் படிக்காமல் இருக்க இதைச் செய்கிறார்கள், வெளிப்படையாக, இதே பெயரில். மற்ற இடங்களில் இது நேரடிக் குற்றச்சாட்டு. ஆதாரம் கையில் இல்லாமல் எழுதக் கூடாது.

'காபிள்டிகூக்' எனக்குப் பிடித்தது. 1944-இல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டெக்சஸ்காரர் மாரி மாவரிக், அலுவலகக் குறிப்புகளின் சுற்றிவளைப்பு தாங்காமல் உண்டாக்கியது. வான்கோழி மார்பை நிமிர்த்திக்கொண்டு போடும் சத்தத்திலிருந்து எடுத்தாராம். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமென்டேஷன்' என்ற சொற்களை எழுதுகிறவர் சுடப்படுவார் என்று அந்தச் சுற்றறிக்கையில் மிரட்டியும் இருந்தார். இவருடைய தாத்தா சாமுவேல் மாவரிக் தன் மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்காமல் விட்டதால்தான் 'மாவரிக்' என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரே குடும்பம், இரண்டு சொல்! காபிள்டிகூக்கை யாருடைய எழுத்தின் மேலும் நேராகப் போடாதீர்கள். மூன்றாவது ஆளைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது நன்றாக இருக்கும்.

இத்தனையில் நான் உண்மையில் குறிப்புகளில் எழுதுவது நான்கைத்தான்: வேக், ஆம்பிகுவஸ், கிரிப்டிக், கன்வலூட்டட். எழுதியவரால் உடனே ஏதாவது செய்ய முடிகிற சொற்கள் இவை. ஆம்பிகுவஸ் என்று எழுதும்போது மட்டும் அதோடு விடுவதில்லை, எனக்குத் தெரிகிற இரண்டு அர்த்தங்களையும் 1, 2 என்று எண் போட்டுக் கீழே எழுதிவிடுவேன். எண்ணைச் சொன்னால் போதும்.

அந்தப் பழக்கம் வந்ததும் அதே ஒப்பந்த வரைவில்தான். இரண்டாம் முறை திருத்தம் கேட்டபோது 'வாரத்துக்கு இரண்டு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா?' என்று பட்டவர்த்தனமாகவே கேட்டிருந்தேன். மறுநாள் காலையில் பதில் வந்தது, ஒரே சொல்லில்: 'யெஸ்.'